மென்பொருளும் திறனாய்வும்: மதிப்பிடுவோர் மனங்கொள்ள வேண்டிய சில அடிப்படைகள்

நூலொன்றை மதிப்பிடப் புகும் திறனாய்வாளர், அந்நூல் யாரால், எக்காலத்தில், எத்தகைய வாசகரை நோக்கி எழுதப்பட்டது என்பவற்றை வினவாது தீர்ப்புக் கூறுவாராயின், அது திறனாய்வு ஆகாது. தனிமனித இரசனைக் குறிப்பாகவே அமையும். ஈழத்துத் தமிழிலக்கியத் துறையில் நீண்ட விவாதங்களின் பின்னர் நிலைபெற்ற கருத்து இது. ஆயின் இலக்கியத்துக்கு நாம் ஏற்றுக்கொண்ட இந்நெறி, எமது அன்றாட வாழ்வைப் பெரிதும் ஆளத் தொடங்கியுள்ள மற்றொரு வகை ஆக்கத்தைப் பொறுத்தவரை இன்னும் உணரப்படவில்லை. மென்பொருளையே இங்கு குறிப்பிடுகின்றோம்.

வங்கி, வைத்தியசாலை, நூலகம், பரீட்சை மண்டபம் ஆகிய யாவற்றினுள்ளும் மென்பொருள் புகுந்துவிட்டது. இன்ன மென்பொருள் சிறந்தது, இன்னது பயனற்றது என்ற தீர்ப்புகளும் நாள்தோறும் பகிரங்கமாக வழங்கப்படுகின்றன. நிறுவனங்கள் அத்தீர்ப்புகளை நம்பிப் பணம் செலவிடுகின்றன. நீதிமன்றங்கள்கூட அவற்றை நம்பி மனிதரைச் சிறையிலிட்டதுண்டு. இருந்தும், ஒரு சாதாரண கவிதைத் தொகுதியை மதிப்பிடும்போது நாம் எழுப்பும் வினாக்களிற் பாதியேனும் இத்தீர்ப்புகளுக்கு முன்னர் எழுப்பப்படுவதில்லை.

நாம் கணனி விஞ்ஞானிகளல்லர். எனினும் மதிப்பீடு என்னும் சமூகச் செயற்பாடு எமது ஆய்வுத்துறைக்கு உரியது. மனிதருக்கிடையிலான உறவு, பண்ட உற்பத்தியில், பொருள்களுக்கிடையிலான உறவுபோலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில் விளக்கினார். மென்பொருள் மதிப்பீட்டில் இத்தோற்றம் மிகத் தெளிவாகக் காணப்படுகின்றது. வேகம், பிழையின்மை, உறுதி முதலியன மென்பொருளுக்குள்ளே தாமாகவே உறைவன போலப் பேசப்படுகின்றன. உண்மையில் அவை ஆக்கியோர், விற்போர், நிறுவுவோர், பயன்படுத்துவோர் ஆகியோருக்கிடையிலான உறவுகளில் வெளிப்படுவன. அவ்வுறவுகளை அறியாது கூறப்படும் தீர்ப்பு அவற்றை மறைக்கும் தீர்ப்பாகவே முடியும். இக்கருத்தைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எந்தப் பிரதியை மதிப்பிடுகின்றோம்?

1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தனர். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடும் என்பதனை உணர்ந்து அவர்கள் போன்றோர் உழைத்ததன் பயனாக, எந்தப் பதிப்பைக் கொண்டு பேசுகின்றோம் என்று சொல்லாமற் பழந்தமிழ் நூல் பற்றிப் பேசுவது இன்று ஆய்வாகாது என்ற நிலை ஏற்பட்டுள்ளது. மென்பொருளின் பாடவேறுபாடு ஏட்டுச் சுவடிகளதிலும் பன்மடங்கு பெரிது. இன்றைய பதிப்பு அடுத்த மாதம் மாறிவிடும். ஒரே பதிப்பும், அது இயங்கும் இயந்திரம், அதனைத் தாங்கும் இயங்குதளம், நிறுவியவர் செய்த அமைப்புகள் ஆகியவற்றுக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே பதிப்பெண்ணையும் சோதனை நடந்த சூழலையும் குறிப்பிடாத மதிப்பீடு, எவ்வேட்டைப் பார்த்தேன் என்று சொல்லாத பதிப்பாசிரியரின் கூற்றுக்கு ஒப்பானது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, பிழை எவ்வடுக்கில் உள்ளது என்பதனைப் பிரித்தறிதலாகும். தமிழிலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். ‘கொ’ என்னும் எழுத்தை யுனிகோட் முறையில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகரத்துக்குரிய தனிக்குறியை இடுவது ஒன்று. ககரத்தின் பின் ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. யுனிகோட் நியமம் இவ்விரண்டையும் சமமானவையாகவே கொள்கின்றது; திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் அவற்றை முதலில் ஒருமைப்படுத்தாது தேடும் நிரல், ஒன்றை மற்றொன்றாக இனங்காணாது. ‘கொடி’ என்ற சொல் அகராதியிற் கண்முன்னே இருக்கவும், இல்லை என்றே அது விடை கூறும். இதனைக் கண்ட மதிப்பீட்டாளர் அகராதி குறையுடையது என்று எழுதினால், தேடல் நிரலின் குற்றத்தை அகராதித் தொகுப்பாளரின் தலையிற் சுமத்தியவராவார்.

இவ்வாறே, எமது நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வரிவடிவங்களை வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தென்படும். தமிழ் அம்மென்பொருளில் இயங்காது என்ற முடிவுக்கு வருமுன்னர், குறிமுறை, எழுத்துரு, வரிவடிவைத் திரையிற் கோக்கும் பொறி, செயலி ஆகிய நான்கில் எது தவறியது என்று வினவுதல் இன்றியமையாதது.

2. சோதனைக்களமும் பணம் கொடுத்தவரும்

1999 ஏப்ரலில் மைண்ட்கிராப்ற் என்னும் சோதனை நிறுவனம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஒரே வகை இயந்திரத்தில் விண்டோஸ் என்.ரி. சேர்வர் 4.0, லினக்ஸைவிடக் கோப்பு வழங்குதலில் இரண்டரை மடங்கும், இணையப் பக்கங்களை வழங்குதலில் 3.7 மடங்கும் விரைவானது என்பது அவ்வறிக்கையின் முடிபு. எண்கள் தெளிவானவை, இயந்திரமும் ஒன்றே. மேலோட்டமாக நோக்குவோருக்கு இதனிலும் நேர்மையான ஒப்பீடு இருக்க முடியாது.

ஆயின் அச்சோதனைக்குப் பணம் வழங்கியது விண்டோஸின் உரிமையாளரான மைக்ரோசொப்ற் நிறுவனமே. சோதனை அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலேயே நடைபெற்றது என்பதும் பின்னர் தெரியவந்தது. விண்டோஸ் அதன் உற்பத்தியாளரின் துணையுடன் நுணுக்கமாகச் சீரமைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் அவ்வாறு சீரமைக்கப்படவில்லை என்று அதன் ஆதரவாளர்கள் ஆட்சேபித்தனர். அவர்கள் எழுப்பிய மற்றோர் ஆட்சேபம் மேலும் ஆழமானது. நான்கு செயலிகள் கொண்ட பெரும் இயந்திரம், பல வலையமைப்பு அட்டைகள், மாறாத பக்கங்களை இடைவிடாது வழங்கும் பணி என்ற அந்தச் சோதனைச் சூழல், அன்றைய லினக்ஸ் பாவனையாளரிற் பெரும்பாலோரது நிலைமையைப் பிரதிபலிக்கவில்லை. எதனை அளப்பது என்ற தெரிவிலேயே விடையின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. எதிர்த்தரப்பினரும் சமுகமளிக்க, அதே ஆண்டில் மீண்டும் சோதனை நடைபெற்றது. அப்போதும் விண்டோஸே முன்னின்றது. அதன் பின்னர் லினக்ஸ் ஆக்கியோர், பல செயலிகள் ஒருங்கே இயங்கும்போது வலையமைப்புப் பகுதியில் உண்மையான நெரிசல் உள்ளது என்பதனை ஏற்று அதனைத் திருத்த முற்பட்டனர். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4ஆம் பதிப்பில் அவ்வுழைப்பின் பயன் காணப்பட்டது.

இங்கு இரண்டு உண்மைகளை ஒருங்கே பற்றிக்கொள்ளுதல் அவசியம். பணம் கொடுத்தவர் யார் என்பதனை மறைக்கும் எந்த அறிக்கையும் குறைபாடுடையது. ஆயினும் பணம் கொடுத்தவரைச் சுட்டிக்காட்டிவிட்டதனால் மட்டும் அறிக்கையின் முடிபு பொய்யாகிவிடாது. எமது முற்போக்கு விமர்சகரிற் சிலர், எழுத்தாளரின் வர்க்கத்தைச் சுட்டியதுடன் எழுத்தை ஆராய்ந்துவிட்டதாகத் திருப்தியடைந்த காலம் ஒன்றிருந்தது. அக்கொச்சைச் சமூகவியலின் தவற்றை மென்பொருள் மதிப்பீட்டிலும் நாம் மீண்டும் செய்யலாகாது. நலன்களை அறிவது ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

3. மதிப்பிடும் உரிமை யாருடையது?

நூலை வாங்கியவர் அதனைப் பற்றி எழுதுவதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது. மென்பொருளைப் பொறுத்து நிலைமை வேறு. 1983இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டெவிட்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் தரவுத்தள மென்பொருள்களை ஒப்பிட்டளந்து முடிவுகளைப் பெயர் குறிப்பிட்டு வெளியிட்டனர். ஒறக்கிள் நிறுவனத்துக்கு அம்முடிவுகள் சாதகமாக அமையவில்லை. அதன் பின்னர், தனது எழுத்துமூல அனுமதியின்றிச் சோதனை முடிவுகளை வெளியிடலாகாது என்னும் நிபந்தனையை அந்நிறுவனம் உரிம ஒப்பந்தத்திற் சேர்த்தது. பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. அது இன்றும் ‘டெவிட் விதி’ என்றே அழைக்கப்படுகின்றது. உண்மையைச் சொன்ன ஆய்வாளரின் பெயர், உண்மையைச் சொல்வதைத் தடுக்கும் விதிக்குச் சூட்டப்பட்டிருப்பது எமது காலத்தின் முரண்பாடுகளுள் ஒன்று.

மற்றொரு நிறுவனமான நெற்வேர்க் அசோசியேற்ஸ், தனது அனுமதியின்றி விமர்சனங்களையே வெளியிடலாகாது என்று பாவனையாளருக்கு விதித்தது. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அதற்கெதிராக வழக்குத் தொடர்ந்தார். 2003இல் அம்மாநில நீதிமன்றம் அத்தகைய வாசகங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. தரவுத்தளத் துறையிலும் 2021இல் சில நிறுவனங்கள் டெவிட் விதியைக் கைவிடுவதாக அறிவித்தன.

இவ்வரலாற்றை மதிப்பீட்டாளர் அறிந்திருக்க வேண்டியது தமது சட்டப் பாதுகாப்புக்காக மட்டுமன்று. வெளிவந்துள்ள மதிப்பீடுகளை மாத்திரம் கூட்டிக் கணக்கிட்டு ஒரு பண்டத்தின் தரத்தை நிறுவும்போது, அனுமதி மறுக்கப்பட்டு வெளிவராத மதிப்பீடுகள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. தணிக்கைக் காலத்து இலக்கியத்தை ஆராய்வோர் அச்சேறாதவற்றையும் கருத்திற் கொள்வது போன்று, இங்கும் மௌனத்தை ஒரு சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. புலப்படாத உழைப்பு

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட பிழையொன்று வெளிப்பட்டது. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் கட்டற்ற மென்பொருளில், 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பு முதல் அது இருந்துவந்தது. பிழை எளியது. ஒரு கணனி மற்றொன்றுக்குச் சிறு செய்தியொன்றை அனுப்பி, இத்தனை எழுத்து நீளமுள்ள இச்செய்தியைத் திருப்பி அனுப்புக என்று கேட்கும். கூறப்பட்ட நீளம் உண்மையானதா என்று நிரல் சரிபார்க்கவில்லை. பொய்யான பெரிய நீளத்தைச் சொன்னால், நினைவகத்தில் அடுத்திருந்த கடவுச்சொற்கள் முதலியனவும் சேர்ந்து வெளியேறின.

உலகின் பெருநிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய இம்மென்பொருளை மிகச் சிலரே பராமரித்தனர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அதற்கு அதுவரை ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2000 டொலர் மாத்திரமே. மூலநிரல் எவரும் வாசிக்கத்தக்கதாகத் திறந்திருந்தது. ஆயின் வாசிக்கத்தக்கது என்பது வாசிக்கப்பட்டது என்றாகாது. பிழையைச் சுட்டிக்காட்டுவது மதிப்பீட்டாளரின் கடமை. அதனை ஆக்கியோரின் தனிப்பட்ட அலட்சியமாக மட்டும் காட்டி, அவ்வுழைப்பின் பயனை ஊதியமின்றி நுகர்ந்தவர்களை விடுவித்துவிடுவது நேர்மையாகாது. கோடிக்கணக்கில் மூலதனமிட்ட நிறுவனத்தின் விற்பனைப் பண்டத்தையும் ஓய்வு நேரத்தில் ஒருவர் எழுதி வழங்கிய நிரலையும் ஒரே தொனியிற் சாடுவது நடுநிலைபோலத் தோன்றலாம். நுண்மையாக நோக்கின் அது வலியவரின் பக்கம் சாய்ந்த நிலையேயாகும்.

5. பிழையின் சுமை யார்மீது?

மேற்கூறியவற்றைவிட முக்கியமானது, பிழை நேரும்போது அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்னும் வினா. பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் ஹொறைசன் விவகாரம் இதனை மறுக்கவியலாதவாறு எடுத்துக்காட்டியுள்ளது.

ஐ.சி.எல். நிறுவனம் உருவாக்கி, பின்னர் புஜிற்சுவின் பொறுப்பில் இருந்த ஹொறைசன் கணக்கு மென்பொருள், 1999 முதல் பிரித்தானியத் தபாலகக் கிளைகளில் நிறுவப்பட்டது. கிளைகளைப் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் நடத்தியவர்கள் உபதபாலதிபர்கள். கணக்கிற் காணப்படும் குறையைத் தமது கையிலிருந்து நிரப்புமாறு அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். திரையிற் குறை தோன்றியது. மென்பொருள் உறுதியானது என்று நிறுவனம் கூறியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர்மீது வழக்குத் தொடுத்தது அத்தபால் நிறுவனமே. 2010இல் ஒரு கர்ப்பிணிப் பெண் சிறைக்கு அனுப்பப்பட்டார். வீடிழந்தோரும் வங்குரோத்தானோரும் தற்கொலை செய்துகொண்டோரும் உளர்.

பிழைகள் எத்தகையன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்ரன் கிளையில் 2015இல் 8000 பவுண் ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டது. திரை அசையாது நின்றமையால் விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட, ஒவ்வொரு அழுத்தலையும் மென்பொருள் புதிய வரவாகப் பதிந்தது. நான்கு பதிவுகளின் விளைவாக, இல்லாத 24000 பவுண் கணக்கில் ஏறியது. அறியப்பட்ட பிழைகளுக்கென ஒரு பதிவேடு புஜிற்சுவிடம் இருந்தது. அதே வேளையில், இத்தகைய தொல்லை உங்களுக்கு மட்டுமே என்று உதவிச்சேவையினர் தமக்குக் கூறியதாக உபதபாலதிபர்கள் பலர் சாட்சியமளித்துள்ளனர். தனித்தனியே நிறுத்தப்பட்ட மனிதர் ஒவ்வொருவரும் தம்மையே ஐயுற்றனர்.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. கணனிப் பதிவைக் குற்றவியல் வழக்கிற் சான்றாகக் கொள்வதற்கு, அக்கணனி முறையாக இயங்கியது என்று காட்டப்பட வேண்டும் என இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. அவ்விதியை 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் பின்னர், மறுதலையாகக் காட்டப்படும்வரை இயந்திரம் சரியாக இயங்கியதென்ற அனுமானமே மேலோங்கியது. உள்ளே என்ன நிகழ்ந்தது என்று பார்க்கும் வழியற்ற ஒரு சிறு கடைக்காரர், உலகளாவிய நிறுவனமொன்றின் நிரலிற் பிழையுண்டு என்று எவ்வாறு காட்டுவது? பண்டவழிபாடு இங்கு நீதிமன்றத்தின் நடைமுறையாகவே ஆகிவிட்டது.

இந்நிலையை உடைத்தவற்றுள் இரண்டு, மதிப்பீடு என்ற வகையில் எமது கவனத்துக்குரியன. முதலாவது, 2009 மே மாதத்தில் கொம்பியூற்றர் வீக்லி என்னும் தொழில்நுட்பச் சஞ்சிகை ஏழு உபதபாலதிபர்களின் அனுபவங்களை வெளியிட்டமை. மென்பொருளை உட்புகுந்து சோதிக்கும் வாய்ப்பு அச்சஞ்சிகைக்கு இல்லை. பயன்படுத்தியோரின் வாக்குமூலமும் சான்றே என்று அது கொண்டது. ஒருவருக்கு நிகழ்ந்தால் தவறாகக் கொள்ளப்படுவது, ஒருவரையொருவர் அறியாத எழுவருக்கும் நிகழும்போது ஆராயப்பட வேண்டியதாகின்றது.

இரண்டாவது, அலன் பேற்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பு. நீதிபதி பீற்றர் பிரேசர் ஹொறைசன் நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் விடை கூறவில்லை. தொடக்ககாலப் பதிப்பு, 2010இல் வந்த பதிப்பு, 2017இல் வந்த பதிப்பு என மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். முதலாவது சிறிதேனும் உறுதியானதென்று கூறத்தக்கதன்று. இரண்டாவது சற்று மேம்பட்டதாயினும் பிழைகள் பல கொண்டது. மூன்றாவது முன்னையவற்றைவிடப் பெரிதும் உறுதியானது என்று முடிவு செய்தார். மென்பொருள் இன்று நன்றாக இயங்குகின்றது என்ற வாதம், பத்தாண்டுகளுக்கு முன்னர் சிறை சென்றவருக்கு விடையாகாது என்பது இதனாற் புலனாயிற்று. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகளை இரத்துச் செய்தது. 2024இல் எஞ்சியோரிற் பெருந்தொகையினர் தனிச்சட்டத்தின் மூலம் விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பைக் காண உயிரோடிராதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

6. முடிபாக

மென்பொருளைப் பகிரங்கமாக மதிப்பிடுவோர் தமது கட்டுரையில் வெளிப்படையாகக் கூறவேண்டியவை இவற்றிலிருந்து தெளிவாகின்றன. எந்தப் பதிப்பை, எந்தச் சூழலில், எவ்வளவு காலம் பயன்படுத்தினோம்; அதனை எப்பணிக்காக ஆக்கினார்கள், நாம் எப்பணிக்காகச் சோதித்தோம்; கண்ட குறை எவ்வடுக்குக்குரியது என்று எவ்வாறு அறிந்தோம்; சோதனைக்கான செலவையும் பிரதியையும் தந்தவர் யார்; உரிம ஒப்பந்தம் எதனைச் சொல்லவிடாது தடுத்தது; நாம் சோதிக்காதது எது. ஆக்கியோருக்கு முடிவுகளைக் காட்டி அவர்களது விளக்கத்தைக் கேட்பதும் முறையே. ஆயின் அவர்களது விளக்கம் பயன்படுத்தியோரின் அனுபவத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது.

இவை தொழில்நுட்பம் தெரிந்தவர்க்கு மட்டும் உரிய விதிகளல்ல. எமது பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் அரச அலுவலகங்களும் மென்பொருளைத் தெரிவு செய்யும்போது, அதனை நாள்தோறும் இயக்கப்போகும் எழுதுவினைஞரையோ நூலக உதவியாளரையோ எவரும் கலந்தாலோசிப்பது அரிது. கணக்குப் பிழைத்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அவரே. ஆதலால் மதிப்பீட்டை எழுதி முடித்த பின்னர் அவரிடம் ஒருமுறை வாசித்துக்காட்டி, இம்மென்பொருள் தவறினால் அதனை நிரூபிக்கும் வழி உமக்கு உண்டா என்று கேட்டல் வேண்டும். இல்லை என்று அவர் கூறுவாராயின், வேகமும் வசதியும் எவ்வளவு இருப்பினும், அக்குறையே மதிப்பீட்டின் முதல் வாக்கியமாக அமைதல் தகும்.